ஜீப் ஷரிபுதீனும் பின்பக்க வாங்கும்

ஓடுகிற ஜீப்பின் கூரையைத் தன் தலையால் துளைத்து, கழுத்துவரை வெளியே போய், மினாராவில் குந்தியிருந்த புறாக்களை எண்ணிவிட்டு மீண்டும் உள்ளே இறங்கிய ஒரே பெண்பிள்ளை கல்முனையில் நான்தான். இதில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். கூரை தகரமில்லை, கன்வஸ். துளையும் முன்பே இருந்தது, எலி கடித்தது. நான் அதை என் தலையின் அளவுக்குத் திருத்திக் கொடுத்தேன். புறாக்களை எண்ண நேரம் கிடைக்கவில்லை. இருந்தன என்பதற்கு மட்டும் சாட்சி சொல்வேன்.

அந்த ஜீப்பின் சொந்தக்காரர் ஷரிபுதீனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என் தலை இடையில் வந்துவிட்டது.

ஷரிபுதீன் நிந்தவூரில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. ஆகவே என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகள் சுபைறாவை முடித்த அன்றே அவர் கல்முனைக்காரராகிவிட்டார். வீடு சுபைறாவுடையது. வளவு சுபைறாவுடையது. மேற்கே வட்டை என்கிற வயல்வெளிக்குள் கிடக்கும் வயல் சுபைறாவுடையது. கட்டில், கண்ணாடி அலுமாரி, கிணற்று வாளி என்று எல்லாம் சீதனத்தோடு வந்தவை. மாப்பிள்ளை தன்னுடையதென்று கொண்டுவந்தது ஒரு சூட்கேசும் ஒரு ஜீப்பும். சூட்கேசில் இப்போது கோழி அடைகாக்கிறது. ஆக மிஞ்சியது ஜீப்.

"மாமி, இந்த வளவுக்குள்ள ஆரையும் கேக்காம நான் நகர்த்தக்கூடிய சாமான் இது ஒண்டுதான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை. சந்தோசமாகத்தான் சொன்னார்.

அது ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் ஏலத்தில் விட்ட பழைய ஜப்பான் ஜீப். பச்சை நிறம் என்று சொல்லலாம். அதன் கீழே இன்னும் பல நிறங்கள் உண்டு. மழைக்காலத்தில் டிரக்டரே புதைந்து நிற்கும் வாய்க்கால் கட்டு வழியால் உர மூட்டையும் விதைநெல்லும் ஏற்றிக்கொண்டு போவார். கலியாணக் காலத்தில் சாப்பாட்டுச் சகன் தட்டுகளும் அதே ஜீப்பில்தான். ஊரில் ஷரிபுதீன் என்று கேட்டால் "எந்த ஷரிபுதீன்?" என்பார்கள். ஜீப் ஷரிபுதீன் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

மனிதர்களோடு அதிகம் கதைக்கமாட்டார். ஜீப்போடு கதைப்பார். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து மண்ணெண்ணெய்த் துணியால் அதன் முகத்தைத் துடைத்தபடி முந்திய நாள் நடந்ததெல்லாம் சொல்வார். பொனட், கதவு, கண்ணாடி, முன் ஆசனம் எல்லாம் பளபளக்கும். அடிப்பக்கத்தை யாரும் துடைத்துக் கண்டதில்லை. வட்டைச் சேறு அங்கே போகத்துக்குப் போகம் ஒட்டிக் காய்ந்து, புற்றுப்போல வளர்ந்து கிடந்தது.

ஏறுகிற ஒழுங்கும் ஒன்று உண்டு. ஆண்கள் முன்னால். பெண்கள் பின்னால், இரண்டு பக்கமும் நீளமாகக் கிடக்கும் பலகை வாங்குகளில். நடுவில் பூப்போட்ட சேலைத் திரை. யாரும் போட்ட சட்டமில்லை. ஏறும்போதே கால் தானாக அந்தந்தப் பக்கம் போய்விடும்.

இரண்டு பெரும்போகத்துக்கு முந்தி, அறுவடையின் கடைசி மூட்டைகளோடு வட்டையிலிருந்து வந்த சுபைறா பின்பக்கத்தால் இறங்கினாள். "சாச்சி" என்றாள். அதற்குப் பிறகு நிமிரவில்லை. முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது என்றார் டொக்டர். கிடந்தாள், பட்டி கட்டினாள், எண்ணெய் பூசினாள். இப்போது நடக்கிறாள், சமைக்கிறாள், ஏசுகிறாள். குலுக்கம் மட்டும் கூடாது. ஜீப்பைக் கண்டாலே இடுப்பில் கை வைத்துக்கொள்வாள்.

ஆனால் வயலைப் பாராமல் அவளால் இருக்க முடியவில்லை. பக்கத்து வயல் அவளுடைய மச்சிக்காரியுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரம்பு. அந்த வரம்பு ஆள் இல்லாத நேரம் எழும்பித் தன் பக்கமாக நடந்து வருகிறது என்பது சுபைறாவின் முடிவு. ஷரிபுதீன் போய்ப் பார்த்துவிட்டு, "இருந்த இடத்திலதான் இரிக்கி" என்பார்.

"ஒங்களுக்கு வரம்பும் ஒண்டுதான், வாய்க்காலும் ஒண்டுதான். நான் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப வா, கூட்டிப் போறன்."

"இதுலயா? நேரா மையவாடிக்கே கொண்டுபோய் அடக்குங்க, ரெண்டாம் பயணம் மிச்சம்."

இப்படியே இரண்டு வருசம் போனது. இந்தத் தடவை கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் சுபைறா ஒரு முடிவுக்கு வந்தாள். சம்மாந்துறையில் றிபாத் என்று வாகனம் வாங்கி விற்கிற ஒரு தம்பி இருக்கிறார். அத்தர் மணக்க வருவார், யாரையும் கடிந்து பேசமாட்டார், போகும்போது ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய்விடுவார். கொழும்பில் பழைய ஜீப்புக்குப் பைத்தியமான ஆட்கள் இருக்கிறார்களாம். ஜீப்பைக் கொடுத்தால் பஞ்சுபோல ஓடும் ஒரு கெப் வண்டி தருவதாகச் சொல்லியிருந்தார்.

"இஞ்சேருங்க" என்றாள் சுபைறா. நான் அவளுடைய குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியக்கொள்ள றிபாத் கெப்போட வாறார். அதுக்குள்ள ஒங்கட ஜீப்ப நான் குந்திப்போற மாதிரி ஆக்குங்க. இல்லாட்டி அது அவரோட போகட்டும்."

ஷரிபுதீன் ஜன்னலால் ஜீப்பை எட்டிப் பார்த்தார்.

"கெப்பு ஆர்ட பேர்ல?"

"விலை வித்தியாசத்துக்கு என்ட வயல் நெல்லுத்தானே போகுது. வேற ஆர்ட பேர்ல?"

அவர் எழும்பி வெளியே போனார். வேலிப் பக்கமாக நான் மெல்ல நடந்து போனேன். கேட்பதற்கல்ல, காற்று வாங்க. ஜீப்பின் பொனட்டில் கை வைத்துக்கொண்டு, "கேட்டியா?" என்றார்.

அடுத்த நாள் வைத்தியம் தொடங்கியது. முதலில் டயர்க்கடைக்காரர். "காக்கா, நெல்லு ஏத்துறதுக்கு அடிச்ச காத்து அப்பிடியே கிடக்கு. கல்லு மாதிரி இருக்கிற டயரு கல்லு மாதிரித்தான் ஓடும்" என்று காற்றைக் குறைத்தார். குறைத்தது சரிதானா என்று பார்க்க ஓடிப் பார்க்கவேண்டும். சுபைறா ஏறமாட்டாள்.

"சாச்சி, நீங்க ஏறிப் பாருங்க."

"நானா? ஏன்?"

"ஒங்கட இடுப்பும் என்ட இடுப்பும் ஒரே குடும்பத்து இடுப்பு. ஒங்களுக்குத் தாங்கினா எனக்கும் தாங்கும்."

குடும்பத்துக்காக ஏறினேன். ஷரிபுதீன் ஓட்டினார், டயர்க்கடைக்காரர் பக்கத்தில், நான் திரைக்குப் பின்னால். வாய்க்கால் கட்டு வழியில் முதலாவது மதகு வந்தது. முன்பக்கம் ஏறி இறங்கியது எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் ஏறியபோது அடியில் 'டொக்' என்றொரு சத்தம். அப்போதுதான் நான் மேலே சொன்ன கூரை விசயம் நடந்தது.

"எப்பிடி மாமி?" முன்னாலிருந்து சத்தம் வந்தது. "எங்களுக்கு நல்லாத்தான் கிடக்கு."

"ஆகாயத்துக்குப் போய் வந்தன் மகன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். "மாமி வழமையா சந்திரனுக்கெல்லாம் போற ஆள். இண்டைக்குக் கிட்டத்தான் போயிரிக்காங்க. அப்ப கொஞ்சம் சுகம்தான்."

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடியாது. முப்பது வருசத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். வெள்ளம் வந்த ஒரு வருசம் என் வகுப்பறைக்குள் முதலையொன்று வந்து, பின் வரிசையில் கிடந்து, பின்னக் கணக்கை முழுதாகக் கேட்டுவிட்டுப் போனது என்று ஊரெல்லாம் சொன்னேன். அது முதலையில்லை, உடும்புபோன்ற கபரக்கொய்யா என்று பிறகு தெரிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து என் வாயால் வரும் எதையும் பாதியாக வெட்டி, பாதியைக் குப்பையில் போட்டு, மிச்சத்தைத்தான் நம்புகிறார்கள். இப்போது நான் சொன்னது முழு உண்மை. அதையும் வெட்டினார்கள்.

அடுத்தது பாண்டிருப்புக் கனகரெத்தினம் பாஸ். கராஜ் வைத்திருக்கிறார், நல்ல கைராசிக்காரர். முன்பக்க ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"காக்கா, இது தகட்டுக்கு மேல தகடு வெச்சு அடுக்கின ஸ்பிரிங். ஒண்டு மேல ஒண்டு வழுக்கோணும். ஒங்கட தகடெல்லாம் கறள் பிடிச்சு ஒண்டோட ஒண்டு கலியாணம் முடிச்சிட்டு. வளையாத ஸ்பிரிங்கும் தண்டவாளமும் ஒண்டுதான்."

முன்பக்கத் தகடுகளைக் கழற்றிக் கறள் உரசி, கிறீஸ் பூசி, கூடுதலாகக் கிடந்த ஒரு தகட்டை எடுத்துவிட்டார். பின்பக்கம் சேறு அப்பிக் கிடந்ததால் கழற்றாமல் எண்ணெய் மட்டும் அடித்தார். மறுபடி ஓட்டம். பாஸ் முன்னால் ஏறினார்.

"மெத்தை காக்கா, மெத்தை!" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் 'டொக்'. நான் ஒரு வாங்கிலிருந்து எழும்பி எதிர் வாங்கில் இறங்கினேன்.

"என்ன டீச்சர், இடம் மாறிக் குந்திட்டீங்க?" என்றார் பாஸ், திரையை விலக்கிப் பார்த்து.

"நான் மாறல்ல. மாத்தினது ஒங்கட மெத்தை."

அவர் ஷரிபுதீனைப் பார்த்தார். ஷரிபுதீன் என்னைப் பார்த்தார். ஒரு முடிவுக்கும் வரமுடியாமல் பின் சில்லுகளுக்கு ஷொக் அப்சோபர் இரண்டும் புதிதாகப் போட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் இப்போது பிளேனில் போவதுபோல இருக்கிறது என்றார்கள். பின்னால் இருந்த எனக்கும் பிளேன்தான், விழுகிற பிளேன்.

என் வாய்க்கு மதிப்பில்லை என்று தெரிந்தபின் சாட்சி தேடினேன். எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கினேன். ஒன்றை முன் ஆசனத்துக்குக் கீழே வைத்தேன், மற்றதைப் பின் வாங்கில் என் பக்கத்தில். மதகு தாண்டித் திரும்பி வந்தோம். முன்சட்டித் தயிரில் ஒரு கீறல்கூட இல்லை. பின்சட்டித் தயிர் என் அபாயாவில் இருந்தது.

"பாருங்க!" என்றேன் வெற்றியோடு.

ஷரிபுதீன் இரண்டு சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "பாஸ், ஒரு ஜீப்புக்குள்ள ரெண்டு ஜீப்பு ஓடுதா?"

பாஸ் காதுக்குப் பின்னால் சொறிந்தார். "அடிச்சட்டம் வளைஞ்சிருக்கோ தெரியா. ரோட்டுல ஒரு பக்கம் பள்ளமோ தெரியா." குரலைத் தாழ்த்தி, "டீச்சர் சட்டியக் கையால தட்டிட்டாங்களோவும் தெரியா" என்றார். தாழ்த்தியது எனக்குக் கேட்டது.

புதன் போனது, வியாழன் வந்தது. ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். வாங்குக்கு மெத்தை போடு என்றார் ஒருவர். பின்னால் மணல் மூட்டை வை, பாரம் அமுக்கும் என்றார் இன்னொருவர். கண்ணூறு என்றார் மூன்றாமவர். ஷரிபுதீன் எல்லாருக்கும் "ஓம்" என்றார். மெத்தை போட்டுப் பார்த்தார். மெத்தையும் நானும் சேர்ந்து எழும்பினோம். காற்றைக் கூட்டினார், குறைத்தார், கூட்டியதா குறைத்ததா என்று அவருக்கே மறந்துபோனது. எடுத்த தகட்டைத் திரும்பப் போடட்டா என்று பாஸைக் கேட்டார். போடச் சொன்னது யார், எடுக்கச் சொன்னது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேலிப் பக்கம் வந்து நின்றார். கையில் துணி இருந்தது, துடைக்கவில்லை.

"மாமி, அல்லாஹ்வுக்காகச் செல்லுங்க. மெய்யாத் தூக்கி அடிக்குதா?"

"ஓம் மகன். மெய்."

"ஒங்கட மெய்யா, ஊர்ட மெய்யா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒண்டும் விளங்குதில்ல மாமி. நான் நாளெல்லாம் அதுலதான் குந்தியிருக்கன். ஒரு ஆட்டமும் இல்ல. சுபைறா ஏலா எண்டுறா. நீங்க ஏலா எண்டுறீங்க. அவக்கு ஜீப்பக் குடுக்கோணும் எண்டுதான் மனசோ, அதுக்கு நீங்களும் கூட்டோ எண்டுகூட நெனச்சன். அல்லாஹ் மன்னிக்கோணும்."

முதலையைக் கபரக்கொய்யா என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமோ என்று அன்று ஒருமுறை யோசித்தேன். ஒருமுறைதான்.

வெள்ளி காலை அவர்களுடைய மகள் ஹிமாயா வந்தாள். வங்கியில் வேலை, லைசன்சும் இருக்கிறது, ஆனால் வாப்பா ஜீப்பின் திறப்பை, அந்தச் சாவியை, தொடவும் விடமாட்டார். வந்தவள் வாசலில் நின்றே எல்லாக் கதையையும் கேட்டாள். பாஸ் சொன்னது, டயர்க்கடைக்காரர் சொன்னது, தயிர் சொன்னது எல்லாம்.

"நல்லாரிக்கி எண்டு சென்னது ஆரு?"

"நான். பாஸ். டயர்க்கடைத் தம்பி."

"ஏலா எண்டு சென்னது?"

"உம்மாவும் மூத்தம்மாவும்." மூத்தம்மா நான்தான்.

"வாப்பா, நீங்க ஒருக்காவாச்சும் பின்னால ஏறியிருக்கீங்களா?"

ஷரிபுதீன் தாடியைத் தடவினார். நிந்தவூரிலிருந்து தொடங்கி இன்றுவரை யோசிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"பின்னால பொம்புளைகள்தானே மகள் ஏறுற" என்றார் கடைசியில்.

"இண்டைக்கு நீங்க ஏறுங்க. திறப்பத் தாங்க."

"என்ட ஜீப்புல நான் பின்னால... ஆராச்சும் கண்டா?"

"திரை இரிக்கிதானே" என்றேன் நான். இதற்காகவே காத்திருந்தவள்போல முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல்தடவை. முன்னால் இருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரித்தான் இருக்கிறது.

ஹிமாயா ஓட்டினாள். கடைச்சந்தியில் ஒரு ஹாஜியார் ஜீப்பைக் கண்டு கையுயர்த்தி ஸலாம் சொன்னார். பெண்பிள்ளைகள் இரண்டு பேர் முன்னால் இருப்பதைக் கண்டு கை பாதியில் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து ஆண் குரலொன்று "வஅலைக்கும் ஸலாம்" என்று கனமாகச் சொன்னது. அந்த ஹாஜியார் இன்றுவரை என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. வேறு பாதையால் போகிறார்.

மதகு வந்தது. முன் சில்லு மெத்தையாக ஏறி இறங்கியது. பின் சில்லு ஏறியது. 'டொக்.' அதோடு "லா இலா..." என்று பாதிக் கலிமா. ஹிமாயா பிரேக் போட்டாள். நான் இறங்கிப் பின்னால் போய்த் திரையை விலக்கினேன். ஷரிபுதீன் வாங்குக்கும் வாங்குக்கும் நடுவில், தரையில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லை. பிறகு வாய்க்காலில் கண்டெடுத்தோம். நான் பெருப்பித்த துளையால்தான் அது போயிருக்கவேண்டும். வேறு வழியில்லை.

"எப்பிடி மகன்? நல்லாத்தானே கிடக்கு?" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழும்பினார். "சுபைறா இவ்வளவு காலமும் இதுலயா வந்த?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, ஜீப்பைக் கேட்டார். முதல்தடவையாக அதோடு கோபமாகக் கதைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பைக் கிணற்றடியில் வைத்து, ஜீப்பின் அடியில் குழாயைப் பிடித்தார். கனகரெத்தினம் பாஸும் வந்துவிட்டார். போகத்துக்குப் போகம் சேர்ந்த வட்டைச் சேறு கட்டி கட்டியாகக் கரைந்து ஓடியது. பின் அச்சுக்கு மேலே, இரண்டு பக்கமும், உருண்டையாக ஏதோ தெரிந்தது.

பாஸ் கீழே படுத்துப் பார்த்தார். "அது ரப்பர் காக்கா. அச்சு மேல வந்து சட்டத்துல முட்டாம இருக்க வைக்கிற ரப்பர். ஷொக் மாத்தக்கொள்ளயும் கண்டன்." கையால் தடவினார். தட்டிப் பார்த்தார். "காக்கா, ஜப்பான்காரன் ரப்பருக்குப் பூவேலை செய்வானா?"

வெட்டி எடுத்தார்கள். கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்த இரண்டு மரத்துண்டுகள். கடைசல் பிடித்த நல்ல முதிரை மரம், வளையம் வளையமாக, நடுவில் பூமொட்டு வேலை. ரப்பர் இருந்த இடத்தில் ரப்பர் எப்போதோ உக்கிப் போயிருந்தது. அந்த இடத்தில் இந்தக் கட்டைகள், ரப்பரைவிட இரண்டு மடங்கு உயரமாக. அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட இல்லை. சின்னக் கல்லில் ஏறினாலும் மரம் போய் இரும்பில் மோதும், மோதியது நேரே பின்வாங்குப் பலகைக்கு வரும். ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. நெல் மூட்டைக்கு இது ஒன்றும் செய்யாது. மூட்டைக்கு இடுப்பில்லை.

"கட்டில் கால் மாதிரி இரிக்கி" என்றேன்.

மாதிரியென்ன, கட்டில் கால்தான். சுபைறாவின் சீதனக் கட்டில் ஒரு பக்கம் உளுத்துப் போனதால் வட்டைக்குள் இருக்கும் வாடிக் குடிசையில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். ஷரிபுதீன் அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி வியர்த்தது.

"நான்தான் கட்டியிருப்பன். நெல்லு லோட்டுல பின்பக்கம் பணியாம. வேற ஆரு?" என்றார். பிறகு, "ஆனா சீதனக் கட்டில நான் அரிவனா?" என்றார். பிறகு, "அரிஞ்சிருப்பன் போல" என்றார். "மறந்திட்டன் போல."

சுபைறா கதவடியில் நின்றாள். கட்டில் காலைக் கண்டாள். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். ஏசப்போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். "கோப்பி ஊத்துறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சீதனக் கட்டிலை அறுத்தவனுக்குக் கோப்பி! ஷரிபுதீன் அதற்குத்தான் கூடுதலாகப் பயந்தார்.

பாஸ் கடைக்கு ஓடிப் புது ரப்பர் இரண்டு வாங்கி வந்து பூட்டினார். சேறு போன கையோடு பின்பக்கத் தகடுகளுக்கும் கிறீஸ் ஏற்றினார். டயருக்குக் காற்று அளவாக வைத்தார். ஷரிபுதீன் கிறீஸ் நகத்தோடு ஜும்ஆவுக்குப் போனார். திரும்பி வரும்போது வாசலில் றிபாத் நின்றார், வெள்ளைக் கெப், வெள்ளைச் சட்டை, அத்தர்.

"காக்கா, எல்லாம் ரெடிதானே? ராத்தா எங்க?"

ஷரிபுதீன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகர்த்தக்கூடிய ஒரே சாமான் நகர்ந்துபோவதா இல்லையா என்பது அந்தக் கதவுக்குள் இருந்தது.

சுபைறா அபாயா போட்டுக்கொண்டு வந்தாள். கெப்பைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். நேரே ஜீப்பின் பின்பக்கம் போய், "சாச்சி, கையத் தாங்க" என்றாள்.

நானும் ஏறினேன். அவள் கண்ணை இறுக்கி மூடி, ஊசி போடப்போகிற பிள்ளைபோல என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஷரிபுதீன் ஓட்டினார். எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்றால், ஒரு சேவல் எங்களை முந்திப் போனது. அந்தச் சேவல் உண்மை.

"மதகு வந்திட்டா சாச்சி?"

"போயிட்டு."

"எது, முதலாவதா?"

"மூணும்."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதை. ஜீப் ஆடியது, ஆடாத ஜீப் உலகத்தில் இல்லை. ஆனால் அது தொட்டில் ஆடுவதுபோல ஆடியது, அடிக்கவில்லை. திரைக்கு முன்னாலிருந்து, "எப்பிடி?" என்று மெல்லிய குரல் வந்தது.

"பாதையப் பாத்து ஓட்டுங்க" என்றாள் சுபைறா.

வயலில் இறங்கி வரம்பைக் கால் வைத்து வைத்து அளந்தாள். இருந்த இடத்தில்தான் இருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு மூலையில் குனிந்து பார்த்து, "இந்த இடத்தில ஒரு சாண் சரிஞ்சிரிக்கி, நான் செல்லல்ல?" என்றாள். "ஓம்" என்றார் ஷரிபுதீன். அன்று அவர் எதற்கும் ஓம்தான்.

திரும்பி வந்தபோது றிபாத் கெப்பின் நிழலில் நின்றார். "தம்பி, கெப்பு நல்ல வடிவு. பத்திரமாக் கொண்டு போங்க" என்றாள் சுபைறா. ஷரிபுதீன் துணியை எடுத்து ஜீப்பின் முகத்தைத் துடைக்கத் தொடங்கினார். பிறகு ஏதோ நினைத்தவராகக் குனிந்து அடிப்பக்கத்தையும் துடைத்தார். இப்போது வெள்ளிக்கு வெள்ளி அடிப்பக்கத்துக்கும் தண்ணீர் அடிக்கிறார். மாதத்தில் ஒருநாள் ஹிமாயாவிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுத் தானே பின்னால் ஏறிப் பார்க்கிறார். திரையை மூடிக்கொண்டுதான்.

இவ்வளவையும் எழுதி, அறுவடைக்குப் போட்ட பாரத்தை மறந்து தன் ஜீப்பைத் தானே கெடுத்து, தன் கையாலேயே அதைக் காப்பாற்றிய மனிதரின் வரலாறு இது என்று முடித்து, சுபைறாவின் குசினியில் வைத்து வாசித்துக் காட்டினேன். ஷரிபுதீன் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுபைறா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"சாச்சி, மத்ததெல்லாம் ஒங்கட வழமைப்படி இரிக்கட்டும். ஆனா கட்டைய அவர் கட்டல்ல."

"பின்ன ஆரு?"

"நான்தான். அந்தக் கடைசி லோட்டுக்கு மூட்டை கூடிப் போச்சு. ஜீப்புக்கு நோகும் எண்டு அவர் ஏத்த விடமாட்டார். அவர் பகல் லுஹர் தொழப் போன நேரம் வெட்டுமெசின்காரத் தம்பியக் கொண்டு வாடியில கிடந்த கட்டில் கால அரிவிச்சு, கம்பியால கட்டுவிச்சன். அதுக்குப் பொறகு அதே ஜீப்புல பின்னால ஏறித்தான் வந்த. மதகடியில இடுப்புப் போச்சு. வலியில கட்டையெல்லாம் ஆருக்கு ஞாபகம்? அண்டைக்குக் கட்டில் கால வெளியில எடுக்கக்கொள்ளதான் ஞாபகம் வந்த. றிபாத் வரப்போற நேரம் என்னெண்டு செல்ற? அவர்ட ஜீப்புல ஒரு பிழையும் இல்ல, எழுதுங்க. அந்தக் கட்டில் கால் ரெண்டும் என்னோடது எண்டும் எழுதுங்க."